சொல் இறக்கிய கிணறுகள்

ரிக் வண்டி அர்த்தநாரி செத்துப்போன வருஷம் மூலக்காட்டுப் புதூரில் பதினோரு வீட்டு ஆழ்துளைக் கிணறுகள் பேசின. காலையில் மோட்டார் சுவிட்சைப் போட்டால் குழாய் முதலில் இரண்டு தரம் கனைக்கும், பிறகு அர்த்தநாரியின் கட்டைக் குரலில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை வரும், அந்த வார்த்தை தொட்டிக்குள் விழுந்து அடங்கிய பிற்பாடுதான் தண்ணீர் வரும். ஊர் இதற்காகக் கூட்டம் போடவில்லை, குறி கேட்கப் போகவில்லை, டிவிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பவுமில்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு ஆளாவது ரிக் வண்டியில் ஏறி ராஜஸ்தான் வரைக்கும் போய் நிலத்தைத் துளைத்துவிட்டு வந்தவர்கள். பூமிக்கடியிலிருந்து வெந்நீர் வந்ததையும், பச்சைச் சேறு வந்ததையும், தீக்குச்சி கிழித்தால் பற்றிக்கொள்ளும் காற்று வந்ததையும், ஒடிசாவில் ஒரு தரம் ஆறரை அங்குலக் குழியிலிருந்து முழுசாக ஒரு மரக்கதவு வந்ததையும் பார்த்தவர்கள். அவர்களுக்குச் செத்த மனுஷனின் குரல் வருவதும் வரக்கூடிய ஒன்றுதான்.

அதைப் பெரிசாக எடுத்துக்கொண்டது ஒரே ஒருத்தி. அவள் அர்த்தநாரியின் மனைவி சம்பூர்ணம். ஊரில் பதினோரு வீட்டில் தன் புருஷன் பேசுகிறான், தன் வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை என்பது அவளுடைய மனத்தாங்கல்.

இந்தச் சங்கதி எங்கே ஆரம்பித்தது என்றால், பெங்களூருக்கு வெளியே ஒரு கம்ப்யூட்டர்க்காரர் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் ஆரம்பித்தது. அங்கே நாலு ரிக் வண்டிகள் நாலு பாயிண்டில் துளைத்துப் புகையைத் தவிர வேறெதையும் காணாமல் திரும்பிப் போயிருந்தன. ஐந்தாவதாகப் போன அர்த்தநாரி உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு அந்த நிலம் முழுக்க நடந்து, தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் வண்டியை நிறுத்தி, தொள்ளாயிரம் அடியில் தண்ணீரைக் கிளப்பினார். தண்ணீர் பக்கத்துத் தென்னைமர உயரத்துக்கு எழுந்தது. கம்ப்யூட்டர்க்காரர் அதில் நனைந்துகொண்டே சிரித்தார், அழுதார், கடைசியில் கையில் ரொக்கம் இல்லை என்றார். அதற்குப் பதிலாக அர்த்தநாரியின் செல்போனில் பிட்காயின் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்து, ஒரு காகிதத்தில் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். இந்தப் பன்னிரண்டையும் வரிசை மாறாமல் சொல்லத் தெரிந்தவர்தான் இதற்குச் சொந்தக்காரர், வேறு பட்டா, பத்திரம் எதுவும் கிடையாது என்றார்.

"டீசலுக்குக் காசு வாங்கிட்டு வாங்கன்னா வாய்ப்பாடு எழுதி வாங்கிட்டு வந்திருக்கீங்களே" என்றாள் சம்பூர்ணம். அந்த வருஷம் அவளுக்கு ஊர் முழுக்க அதுதான் பேச்சு.

காகிதம் ஒரு வாரத்தில் ரிக் சேற்றில் ஊறிக் கூழாகிப் போனது. அதற்குள் அர்த்தநாரிக்கு அத்தனையும் மனப்பாடம். ரிக் வண்டிக்காரர்கள் துளைக்கிற இரும்புத் தண்டான ராடை எண்ணிக்கொண்டேதான் இறக்குவார்கள், எத்தனை ராடு இறங்கியதோ அத்தனை இருபது அடி. அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதை விட்டுவிட்டு ராடுக்கொரு வார்த்தையாகச் சொல்லி இறக்கினார்; பன்னிரண்டு முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. அம்ப்ரல்லா, லேடர், டிக்கெட் என்று மத்தியப் பிரதேசத்துக் காடுகளில் அவர் ராடு எண்ணுவதைக் கேட்ட இந்திக்காரக் கூலியாட்கள் இது தமிழ் மந்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வருஷங்கள் போயின. அந்த நாணயம் யாரும் பார்க்காத இடத்தில் கிடந்தபடியே பெருத்தது. ஓசூரில் கார் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த மகன் நவநீதன் ஒரு பொங்கலுக்கு வந்து, "அப்பா, அது இன்னைக்கு ரெண்டு புது ரிக் வண்டிங்கப்பா" என்றான். வீடு அதற்கப்புறம் சிரிக்கவில்லை. கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கோகிலவாணி வாரம் ஒரு தரம் போன் பண்ண ஆரம்பித்தாள். அண்ணனும் தங்கையும் ஒரு பழைய நகைத் தகராறில் ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஆனால் அப்பாவின் உடம்பை விசாரிப்பதில் இருவரும் ஒரே கட்சி.

அறுபத்து நாலாவது வயதில் டாக்டர் அர்த்தநாரியின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுரையீரல் முழுக்கக் கல் தூசி என்றார். முப்பத்தைந்து வருஷம் இந்தியா பூராவும் துளைத்த பாறை அத்தனையிலும் கொஞ்சம் கொஞ்சம் அவருக்குள் வந்து குடியேறியிருந்தது. அர்த்தநாரி படத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நேராக வக்கீலிடம் போனார், பன்னிரண்டு வார்த்தையையும் பிள்ளைகளிடம் எப்படிச் சேர்ப்பது என்று கேட்க.

உயிலில் எழுதிவிடலாம் என்றார் வக்கீல்.

"உயில்ல எழுதுனா நீங்க, உங்க டைப் அடிக்கிற அம்மிணி, பத்திர ஆபீஸ்காரரு, மூணு பேரும் எனக்கு வாரிசு ஆயிருவீங்கல்லொங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

ஆடிட்டர் எழுதி லாக்கரில் வைக்கச் சொன்னார். காகிதத்தின் யோக்கியதை தனக்குத் தெரியும் என்றார் அர்த்தநாரி. கோகிலவாணி, இரும்புத் தகட்டில் வெட்டி வைத்துக்கொள்கிறார்கள் அப்பா, நெருப்பு பிடித்தாலும் போகாது என்றாள். குழி சரியாமலிருக்க இறக்கிய இருநூறு அடி கேசிங் பைப்பையே பூமி அரித்துத் தின்பதை உருவிப் பார்த்தவரிடம் போய் இரும்பைப் பற்றிச் சொன்னால் அவர் என்ன செய்வார், சிரித்தார். நவநீதன் தனக்கு ஆறு, தங்கச்சிக்கு ஆறு சொல்லிவிடுங்கள் என்றான்.

"ஆளுக்கு ஆறா வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நிப்பீங்க. நடுவுல உங்கம்மாளப் போட்டு இழுப்பீங்க. அதுக்கு நான் அதத் தண்ணியிலயே போட்டர்றேன்" என்றார் அர்த்தநாரி.

கோபத்தில் சொன்னதுதான். சொல்லி முடித்ததும் அவருக்கே அது சரியாகப் பட்டது. அவருடைய வண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் கிளம்பிய அன்று, கேசிங்குக்கு மூடி போடுவதற்கு முன்னால், வீட்டுக்காரர் குனிந்து அந்தத் தண்ணீர் யாருக்கு என்று குழிக்குள் ஒரு பேரைச் சொல்ல வேண்டும். சிலர் அம்மா பேரைச் சொல்வார்கள், சிலர் மகள் பேரை, கர்நாடகத்தில் ஒருத்தர் தன் எருமையின் பேரைச் சொன்னார். தண்ணீர் வாங்கிய சொல்லை மறக்காது என்பது அர்த்தநாரியின் கட்சி. மனுஷத் தலை மறக்கும், காகிதம் கூழாகும், இரும்பு அரிக்கும், தண்ணீர் மறக்காது.

அப்படியாக ஒரு மாசி மாதத்தில் அவர் மொபெட்டில் பச்சைப் பெயிண்ட் டப்பாவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தன் ஊருக்குள்ளேயே தான் போட்ட போர்கள் பதினொன்றுக்கு, மூச்சு இடம் கொடுத்த அளவில் நாளைக்கு ஒரு வீடாகப் போய், மூடியைச் சித்தெ கழட்டிக்கறேன் என்று கேட்டுக் கழட்டி, குனிந்து ஒரு வார்த்தை சொல்லி, மூடியைப் போட்டு மேலே பெயிண்டால் நம்பர் எழுதினார். மனுஷன் தான் போட்ட போர்களிடம் சொல்லிக்கொண்டு போகிறார் என்று எல்லோரும் மோர் கொடுத்து அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் அவர் எங்கேயும் போகவில்லை. தன் வீட்டுப் புறக்கடையில் துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒரு போர் இருந்தது. எழுநூற்று இருபது அடி, சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஊருக்கெல்லாம் தண்ணீர் காட்டியவரின் வீட்டு போர் வறண்டது என்பதில் புதூருக்கு ஒரு அலாதிச் சந்தோஷம், சம்பூர்ணம் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பஞ்சாயத்துக் குழாயில்தான் தண்ணீர் பிடித்தாள். அந்தக் கல்லை நகர்த்திவிட்டு அவர் குழிக்கு மேல் உட்கார்ந்தவர், அவள் ஆற்றி வைத்த காப்பி ஆறி ஆடை படிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

"மூடியில நம்பர் போட்டிருக்கேன். வரிசையாக் கேட்டுக்குங்க" என்று பங்குனியில் ஒரு நாள் பிள்ளைகளிடம் சொன்னார். காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்தார்கள். மறுநாள் காலமாகிவிட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் ஒன்றாம் நம்பர் வீட்டில் மோட்டாரைப் போட்டார்கள். "அம்ப்ரல்லா" என்றார் அர்த்தநாரி. வீட்டுக்காரர் பேரிங் போய்விட்டதென்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் மோட்டாரை மேலே தூக்கிப் பிரித்துப் பார்த்து, துடைத்து, மறுபடி இறக்கிப் போட்டான். "அம்ப்ரல்லா" என்றது இன்னும் தெளிவாக. சத்தம் சுத்தமா இருக்குதுங்க, மோட்டார்ல கோளாறில்ல என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் ஊர் அதைத் தன் புழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. தெருக்களுக்கு இருந்த கட்சித் தலைவர்களின் பேர்கள் போய், லேடர் வீட்டுச் சந்து, சால்ட் வீட்டு முக்கு என்று தபால்காரர் வரைக்கும் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பதினோரு வார்த்தைகளுக்கு மட்டும் எழுத்துக்கூட்டலில் தப்பே விடவில்லை. வெல்வெட் என்று சொல்லும் போர் இருந்த பழனியப்பன் வீட்டில் மாடி வாடகை ஏறியது. ஐந்தாம் நம்பர் வீட்டுக்குத்தான் கஷ்டம். அங்கே வந்த வார்த்தை ஆர்ஃபன். அதற்கு அநாதை என்று அர்த்தம் என்று பள்ளிக்கூட டீச்சர் சொல்லப்போக, அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் காப்பி டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மோட்டார் போடும்போதெல்லாம் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டை அலறவிட்டார்கள். பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து, குரல் வருகிற போர்களுக்குத் தனியாக விண்ணப்பம் தர வேண்டுமா என்று மேலே எழுதிக் கேட்டார். மேலேயிருந்து இன்றுவரை பதில் இல்லை.

சம்பூர்ணம் மட்டும் தினமும் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்றாம் நம்பரிலிருந்து பதினோராம் நம்பர் வரைக்கும் நடந்தாள். வீட்டுக்காரர்கள் அவளுக்காகக் காத்திருந்து சுவிட்சை அவள் கையாலேயே போடவிட்டார்கள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவளுக்கு வேண்டியதும் வார்த்தை இல்லை. முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவர் வீட்டிலிருந்த நாட்களை, பொங்கலும் தேர்த் திருவிழாவும் சேர்த்து, அவளால் சாய்ங்காலத்துக்குள் நினைத்து முடித்துவிட முடியும். மற்ற நாளெல்லாம் எங்கேயோ ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து "நல்லாருக்கியா, நல்லாருக்கேன், வெச்சர்றேன்." மீட்டர் ஓடுகிறதே என்று அவரும் பேசவில்லை, செல்போன் வந்து மீட்டர் போன பிற்பாடும் அவருக்குப் பேச வரவில்லை. அவர் குரலை மிச்சம் பிடித்து வைக்கிற யோசனையே இல்லாமல் அவள் வாழ்ந்துவிட்டாள்.

வெல்வெட் என்றால் மெத்துமெத்தென்று இருக்கிற துணி என்று டீச்சர் சொன்ன அன்றைக்கு அவள் பழனியப்பன் வீட்டில் தண்ணீர் பிடிக்காமலே திரும்பினாள்.

"எனக்கு அந்தத் துணியில ஒரு ரவிக்கை எடுத்துக் குடுத்ததில்ல. அந்த வீட்டுக்குப் போயி வெல்வெட்டுங்கறாரு" என்று கோகிலவாணிக்குப் போன் பண்ணிச் சொன்னாள். சொல்லும்போதே அது நியாயமில்லாத பொறாமை என்று அவளுக்குத் தெரியத்தான் செய்தது.

அந்தப் போனில்தான் பிள்ளைகளுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் இரண்டு பேரும் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நவநீதன் ஒற்றைப்படை நம்பர்களையும் கோகிலவாணி இரட்டைப்படை நம்பர்களையும் எழுதி வந்து, ஐந்து வருஷத்துக்கப்புறம் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே தாளில் சேர்த்தார்கள். பதினொன்று வந்தது. பன்னிரண்டாம் நம்பரைத் தேடி ஊரைச் சுற்றிவிட்டு வந்தபோது, பச்சைப் பெயிண்டில் அது தங்கள் புறக்கடையிலேயே இருந்தது.

"வறண்ட போர்ல போயி ஏம்மா சொன்னாரு? தண்ணி இல்லீன்னா எப்புடி மேல வரும்?" என்றாள் கோகிலவாணி.

"அது கூட்டலுக்கு ஒரு வீடு பத்தாமப் போயிருக்கும், நம்ம வீட்டுக் கணக்குல தள்ளிட்டாரு" என்றான் நவநீதன். பிறகு தன் சிநேகிதன் ஒருத்தனுக்குப் போன் பண்ணிப் பேசிவிட்டு நிம்மதியாக வந்தான். "ஒண்ணும் கவலையில்ல. பதினொண்ணு வரிசையாத் தெரிஞ்சாப் போதுமாம். பன்னெண்டாவது எதுன்னு கம்ப்யூட்டர்லயே ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சுக்கலாமாம். அந்தக் குழி நமக்குத் தேவையில்ல."

சம்பூர்ணம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத் தேவையில்ல சாமி. எனக்குத் தேவை."

நவநீதனுக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள், அர்த்தநாரியின் செல்போன் தன் சீலைப் பெட்டியில்தான் இருக்கிறது, பெட்டிச் சாவி தன் இடுப்பில்தான் இருக்கிறது, ஊருக்கு ஒவ்வொன்று கொடுத்த மனுஷன் தன் வீட்டில் என்ன கொடுத்தார் என்று தான் கேட்காமல் அந்தப் பூட்டை யாரும் திறக்கக்கூடாது. அந்தப் புறக்கடை போரில் ரிக் வண்டி வந்து ராடு இறக்கிக் காற்றடிக்க வேண்டும்.

"செலவு பண்ணி வெறும் புகையப் பாக்கறதா அம்மா?"

"புகையாவே இருக்கட்டும். எங்க ஊட்டுப் புகை."

சித்திரை பிறந்துவிட்டிருந்தது. அந்த வருஷம் கோடை முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. போர்களில் தண்ணீர் இறங்க இறங்கக் குரலும் இறங்கியது. முதலில் லேடர் வீட்டில் கரகரத்தது, அப்புறம் சால்ட் வீட்டில் இருமல் மட்டும் வந்தது, ஒரு நாள் காலையில் ஒன்றாம் நம்பரில் சுவிட்சைப் போட்டபோது குழாய் இரண்டு தரம் கனைத்துவிட்டு வெறும் காற்றை விட்டது. வீட்டுக்கார அம்மாள் சம்பூர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தன் வீட்டில் வைத்துச் சாவு நடந்துவிட்டதுபோல அழுதாள். அம்மன் பாட்டு போட்ட வீட்டில்கூட ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, ஆர்ஃபன் வருகிறதா என்று காது கொடுத்தார்கள். வரவில்லை. பத்து நாளில் ஊர் மொத்தமும் ஊமையாகிப்போனது. அதைப் பார்த்த பிறகு பிள்ளைகளும் அம்மாவிடம் வாதாடவில்லை.

அர்த்தநாரியிடம் இருபத்தெட்டு வருஷம் டிரில்லராக இருந்த பச்சியண்ணன் தன் இப்போதைய முதலாளியிடம் ஒரு நாள் வண்டியை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். காலையில் சுற்றுச்சுவரில் ஒரு பக்கத்தை இடித்து ரிக்கை உள்ளே விட்டார்கள். ஊரே குடத்தோடு வந்து புறக்கடையில் நின்றது. தண்ணீர் வந்தால் தண்ணீர், வார்த்தை வந்தால் வார்த்தை. நவநீதன் செல்போனில் பதிவு பண்ணத் தயாராக நின்றான், கோகிலவாணி தாளும் பேனாவும் வைத்திருந்தாள். எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டிவிட்டு, பச்சியண்ணன் முதல் ராடை இறக்கிக் காற்றைத் திறந்தான்.

சாம்பல் நிறத் தூசி ஒரு பனை உயரம் எழுந்தது. அதற்குள்ளிருந்து அர்த்தநாரி பேசினார்.

"சம்பூர்ணம்" என்றார்.

அவள் கையிலிருந்த திருநீற்றுத் தட்டு கீழே விழுந்தது. காற்றடிக்கும் கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவிலும் அந்தப் பேர் எல்லோருக்கும் கேட்டது. குரல் அதோடு நிற்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசி மாசத்து அர்த்தநாரி பேசிக்கொண்டே போனார்.

"சம்பூர்ணம், ஊருக்குள்ள பதினோரு குழியில ஒவ்வொரு வார்த்தை போட்டுட்டு வந்துட்டேன். இங்க வந்து குனிஞ்சா ஒண்ணோட நிறுத்த முடியல. இது வறண்ட குழி. இங்க சொன்னது மேல வராது. அதனாலதான எப்பவும் இங்கயே சொல்றேன்."

முப்பத்தைந்து வருஷம் பூமியைத் துளைத்தவருக்கு வறண்ட போரிலிருந்து எதுவும் திரும்ப வராது என்பதில் அவ்வளவு நம்பிக்கை. ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் அந்தத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்ததைச் சம்பூர்ணம் பார்த்திருக்கிறாள். தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று பார்க்கிறார், ஃபெயிலான போரை மனுஷன் மறக்க மாட்டேனென்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் பாத்திரம் கழுவப் போயிருக்கிறாள். இப்போது பச்சியண்ணன் இரண்டாவது ராடைச் சேர்த்தான், மூன்றாவதைச் சேர்த்தான், ஒவ்வொரு ராடும் இறங்க இறங்க அவர் குரலில் இருமல் குறைந்தது, மூச்சு நீண்டது, வருஷங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று அவர் இளமையாகிக்கொண்டு வந்தார்.

"ஜபல்பூர்ல நாலு பாயிண்டும் ஃபெயிலு. அந்த வீட்டம்மா தாலிக்கொடியக் கழட்டிக் குடுத்துச்சு. வாங்காம வந்துட்டேன். உங்கிட்டச் சொன்னா, வாங்காததுக்குத் திட்டுவியா, வாங்கலீன்னு சந்தோஷப்படுவியா, எனக்குத் தெரியல. உன்னப் பத்தி எனக்கு அவ்வளவுதான் தெரியுது பாத்துக்க."

முதலில் புரிந்துகொண்டவள் கோகிலவாணிதான். அவள் பேனாவை மூடினாள். அண்ணன் கையிலிருந்த செல்போனை வாங்கி அணைத்தாள், அவன் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அதைப் பார்த்து ஆம்பிளைகள் ஒவ்வொருத்தராக வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். பெண்கள் இன்னும் கொஞ்சம் நேரம் நின்றார்கள், நிற்கவேண்டும் போலத்தான் இருந்தது. பிறகு அவர்களும் காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் வெளியே போய்த் தெருவில் நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். வண்டியோடு வந்த வடநாட்டுக் கூலியாட்களுக்குத் தமிழ் தெரியாது. லீவரைப் பிடித்தாக வேண்டிய பச்சியண்ணன் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.

"ஊட்டுக்கு வந்தா எனக்கு ஒறம்பரைக்கு, விருந்தாளிக்கு நடக்கற மரியாதை நடக்குது. வெந்தண்ணி போடற, கோழி அடிக்கற. எங்க துண்டு இருக்குது, எங்க சோப்பு இருக்குதுன்னு நான் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கறேன். எங்கூடச் சண்டை போட்டீன்னா இது என்ற சொந்த வீடுன்னு தோணும்."

சம்பூர்ணம் குழியின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தூசி அவள் தலையில், புருவத்தில், மடியில் இறங்கியது. பதினைந்தாவது ராடில் அவர் மாம்பழக் கலர் சீலையைப் பற்றிச் சொன்னார். அது நல்லாருக்குது என்று சொல்ல வாசற்படி வரைக்கும் வந்தாராம், அதற்குள் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டார்களாம். அந்தச் சீலை கிழிந்து, கரித்துணியாகி, அதுவும் போய் இருபது வருஷம் இருக்கும். இருபத்து மூன்றாவதில் கோகிலவாணி பிறந்த தந்தி ஒடிசாவுக்கு வந்தது.

"லாரிக்கு அடியில போயிப் படுத்துக்கிட்டு அழுதேன் புள்ள. சந்தோஷத்துக்கா, பக்கத்துல இல்லாமப் போயிட்டமேன்னா, தெரியல. பச்சியண்ணன் கேட்டதுக்குக் கண்ணுல தூசின்னேன்."

"தூசின்னுதாங்க அக்கா நானும் நம்புனேன்" என்றான் பச்சியண்ணன் அந்தப் பக்கம் பார்த்தபடியே.

அவள் அழுதாள், நடுவில் இரண்டு தரம் சிரித்தாள், ஒரு இடத்தில் கோபம் வந்து, "இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன" என்று குழியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். மத்தியானம் சாய்ந்தபோது முப்பத்தாறாவது ராடு இறங்கி அடிப்பாறையைத் தொட்டது. கல்யாணமான புதிசில் இந்த போரைப் போட்ட நாளின் அர்த்தநாரி, முப்பது வயசு, நெஞ்சில் தூசி இல்லாத சுத்தமான குரலில் பேசினார்.

"எல்லா வீட்டுலயும் தண்ணி வந்துச்சு, நம்ம வீட்டுல வரல. புதுப்பொண்ணு முன்னாடி மானம் போயிருச்சு. ஆனா நீ ஒண்ணும் சொல்லாம மோர் கொண்டாந்து குடுத்த. எனக்கு என்னமோ பண்ணுச்சு. அது என்னன்னு எப்பவாச்சும் சொல்றேன்."

அதற்கப்புறம் காற்று மட்டும் வந்தது. பச்சியண்ணன் லீவரை இறக்கினான். புறக்கடை முழுக்கச் சாம்பல் படிந்து, கொடியில் கிடந்த துணியும் கல்லும் கறிவேப்பிலைச் செடியும் ஒரே நிறமாக இருந்தன.

"தண்ணி இல்லீங்க அக்கா" என்றான்.

"இருக்கட்டும் தம்பி. உக்காரு, சோறு போடறேன்."

இரைச்சல் நின்றதைக் கேட்டு நவநீதனும் கோகிலவாணியும் உள்ளே வந்தார்கள். தலையிலிருந்து கால் வரைக்கும் தூசியாக, கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு ஈரமாக, அம்மா குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கோகிலவாணி குந்தி உட்கார்ந்து முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். நவநீதன் தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

"அம்மா, அதுக்குள்ள அந்தப் பன்னெண்டாவது வார்த்தை வந்துச்சா?"

சம்பூர்ணம் யோசித்தாள். இடுப்பிலிருந்து சீலைப் பெட்டிச் சாவியை அவிழ்த்து அவன் கையில் வைத்தாள்.

"வந்திருக்கும் சாமி. நான் அதக் கவனிக்கல. உன்ற கம்ப்யூட்டரையே கேட்டுக்க."